யாரும் வரலாம், உட்காரலாம்

1

"...அந்த மலையாளத்துப் பொண்ணு வாய் நெறையச் சிரிச்சிக்கிட்டு எல்லாத்தையும் சொன்னா. நீ சங்கரன்கோயில் பக்கத்துக்காரி. எம்மவ எங்க இருக்கான்னு தெரிஞ்சிக்கிட்டே வாயத் தொறக்க மாட்டேங்க. இது என்ன கலெக்டர் ஆபீசா? யாரும் வரலாம், உட்காரலாம்னுதான வாசல்ல எழுதிப் போட்டிருக்கிய?"

சொன்னவள் செண்பகம். திருப்பூணித்துறையில் கோயில் பக்கம் பூ விற்கிறவள். சொன்ன இடம், கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் நூலகம். நடந்தது நேற்று. பேப்பர் படிக்கும் பெரியவர்களும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அமைதி காக்கச் சொல்லிச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறோம். பூக்கடையில் கூவிப் பழகிய குரலுக்கு அதெல்லாம் எம்மாத்திரம்?

இதைச் சொல்லிவிட்டு அவள் என்ன செய்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் ஊரில் இருக்கிற நீங்கள் அவளை மட்டும் திட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். திட்டு வாங்க இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊரை விட்டு வந்தவர்கள் எழுதினால் விமானம், பனி, பாஸ்போர்ட் எல்லாம் வர வேண்டும். என்னிடம் அது எதுவும் இல்லை. கல்யாணமாகி, செங்கோட்டை வழியாக பஸ்ஸில் மலையைத் தாண்டினேன், அவ்வளவுதான். வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், கார்ப்பரேஷனில் லாரி ஓட்டுகிறார். மலையாளத்தில் யோசிப்பார், தமிழில் திட்டுவார். நான் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் இந்தத் தெருவில் எனக்குப் பெயர் கிடையாது. பிரியமுள்ளவர்களுக்கு 'தமிழ்ச் சேச்சி', மற்றவர்களுக்கு வெறும் 'தமிழத்தி'.

நூலகத்தில் நான் தற்காலிகம். கொஞ்ச மாதத்துக்கு ஒருமுறை என்னை வேலையிலிருந்து நிறுத்துவார்கள். ஒரு நாள் வீட்டில் இருக்க வேண்டும். மறுநாள் புதிதாக எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் நான் இந்த ஊர்தான் என்று வில்லேஜ் ஆபீசில் சான்றிதழ் வாங்கி வரச் சொல்வார்கள். அங்கே இருக்கிறவர் என்னைப் பார்த்ததும், "பின்னேயும் வந்தோ?" என்பார். வந்துதானே ஆக வேண்டும்!

2

மழைக்கு முன்னால் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். நூலகத்துக்கு வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது, கேட்டதை எப்படித் தேடிக் கொடுப்பது என்று பாடம்.

பாடம் நல்ல பாடம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். வருகிற ஆள் முதலில் கேட்பது அவருக்கு வேண்டியதாக இருக்காது என்றார் மேடம். சட்டப் புத்தகம் எங்கே என்று கேட்பவருக்கு, அடுத்த வீட்டுக்காரன் மரக்கிளை தன் ஓட்டின் மேல் விழுந்தால் யாரிடம் சொல்வது என்பதுதான் தெரிய வேண்டியிருக்கும். அதனால் "இல்லை" என்று வாயை மூடாமல், இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும்.

இது எனக்குப் பயிற்சி இல்லாமலே வரும். ஆட்கள் பேசுவதைக் கேட்பது என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். கிடங்குத் தெருவில் மூட்டை தூக்கும் பெரியவர் ஹம்சக்கா புத்தகத்தின் பெயரைப் பார்க்கவே மாட்டார். கையில் வைத்து எடை பார்த்து, "இது ஞாயிறாழ்ச்ச வரெ காணாது, தமிழே, கொஞ்சம் கனமுள்ளது தா" என்பார். அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். துப்பறியும் கதையில் தடியானது.

பயிற்சியில் இரண்டிரண்டு பேராகப் பிரித்து நடிக்கச் சொன்னார்கள். ஒருத்தர் ஊழியர், ஒருத்தர் வாசகர். எனக்கு ஜோடியாக ஷீபா வந்தாள். ஷீபா நிரந்தரம். என்னைவிடச் சின்னவள், ஆனால் என்னை 'எடீ' என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஊழியர், நான் வாசகர். அவள் எழுந்து நின்று சிரித்து வரவேற்க வேண்டும்.

"மேடம், இவளெ நோக்கி ஞான் சிரிக்கணோ? தினமும் காண்கிற மூஞ்சியல்லே?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை மறந்துவிட்டேன்.

மதியத்துக்கு முன்னால் ஒரு பாடம் நடந்தது. ஒரு வாசகர் என்ன படிக்கிறார், எப்போது வருகிறார், எங்கே உட்காருகிறார் என்பதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது. கட்டினவன் கேட்டாலும் சொல்லக்கூடாது, பெற்றவள் கேட்டாலும் சொல்லக்கூடாது. இதைக் கேட்டபோது எனக்கு மேடத்தின் சிரிப்புக்கூடப் பாதி மறந்தது. ஷீபா அந்த நேரத்தில் வாசலில் நின்று பிரியாணிப் பொட்டலம் எண்ணி வாங்கிக்கொண்டிருந்தாள்.

முடியும்போது மேடம் ஒரு குண்டைப் போட்டார். இனி எப்போது வேண்டுமானாலும் ஒரு ஆள் வாசகர்போல வருவார். ஆணா பெண்ணா தெரியாது. ஏதாவது கேட்பார். நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு மேலே எழுதி அனுப்புவார்.

ஷீபாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவளுக்குப் பதவி உயர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து புதிதாக யார் படியேறினாலும் எழுந்து நின்றாள். கழிப்பறை எங்கே என்று கேட்க வந்த ஒரு டூரிஸ்டுக்கு நூலகம் முழுக்கச் சுற்றிக் காட்டினாள். அந்த மனுஷன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று எல்லா அலமாரியையும் பார்த்தான். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பில் ஒரு துளி கிடைத்ததில்லை. நான் வேஷம் போட்டு வந்தவள் இல்லையே.

3

மேடம் சொல்லித்தான் வாசலில் போர்டு வைத்தோம். மலையாளத்திலும் ஹிந்தியிலும் தமிழிலும் இருக்க வேண்டும் என்றார். தமிழ் வரியை எழுதும் வேலை எனக்கு வந்தது. லைப்ரரியன் மோகனன் சார் மலையாளத்தில் ஒரு நீளமான வாக்கியம் கொடுத்தார். அதில் 'பொதுஜனங்கள்' இருந்தது, 'விதிமுறைகளுக்கு உட்பட்டு' இருந்தது. நான் அதையெல்லாம் தள்ளிவிட்டு, 'யாரும் வரலாம், உட்காரலாம்' என்று எழுதினேன்.

வீட்டில் மகளிடம் காட்டினேன். என் மகள் பிளஸ் டூ. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். 'உட்' என்கிற இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"அம்மா, இது ஆரு வாயிக்கான்? இங்க உள்ள தமிழர்க்கெல்லாம் மலையாளம் அறியும். அறியாத்தவர்க்குத் தமிழும் வாயிக்க அறியில்ல."

"வாயிக்கிறவங்க வருவாங்க."

"வந்தா எனக்கு மெசேஜ் அயக்கு," என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் பிள்ளைதான். ஆனால் என் அக்கா ஊரிலிருந்து பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் பக்கம் தள்ளிவிடுகிறாள். போன வாரம் அக்காவிடம் "புஸ்தகத்தத் திரிச்சு வாங்கணும்" என்று, திருப்பி என்பதை மலையாளத்தில் நானே சொல்லிவிட்டேன். "என்னத்தட்டி திரிக்க, கயிறா?" என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வரியை நான் ஏன் அப்படி எழுதினேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கள் ஊரில் ஒரு நூலகம் இருந்தது. எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்காருவேன். அங்கே இருந்தவர் ஒருநாள், "வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தியா?" என்று கேட்டார். நான் முழித்தேன். சாயங்காலமே அய்யாவைப் பார்த்து, "ஒம்ம பிள்ள தெனமும் நம்மகிட்டதான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்தான், நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். அதோடு என் நூலகம் முடிந்தது. பள்ளிக்கூடமும் அடுத்த வருஷம் முடிந்தது. மலையாளம் படித்தது இங்கே கடை போர்டுகளைப் பார்த்து.

அதனால் எனக்கு ஊர் நினைப்பு வந்தால் அந்த மனுஷனின் முகம்தான் முதலில் வருகிறது. மாமரம், ஆத்துத் தண்ணி எல்லாம் அப்புறம்தான்.

4

கோமதி செண்பகத்தின் ஒரே மகள். எர்ணாகுளத்தில் டிகிரி முடித்தவள். அவளுக்கு மாமன் மகனைப் பேசி, ஊரில் ஆவணியில் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். முடியாது என்றிருக்கிறாள். அவள் படித்துக்கொண்டிருந்த பரீட்சைப் புத்தகங்களைத் தூக்கிப் பூ நனைக்கிற அண்டாவில் போட்டுவிட்டார்கள். ஈரப் புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டை விட்டு வந்துவிட்டாள். வைட்டிலா தாண்டி, எர்ணாகுளம் தாண்டி, யாரும் தேடாத இடம் என்று மட்டாஞ்சேரிக்கு வந்து ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்தாள். காலையில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்ப்பாள். மதியத்துக்குமேல் எங்கள் நூலகம், ஜன்னலோர நாற்காலி.

அரசு வேலைக்கான சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதுகிற எல்லாருக்கும் இங்கே 'ரேங்க் ஃபைல்' வேண்டும். தலையணை தடிக்கு ஒரு கைடு. விலை அதிகம். எங்களிடம் அது குறிப்புதவிப் பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவுப் புத்தகம் வெளியே போகாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். ஹாஸ்டல் அறையில் நாலு பேர், நாலு போன். அதனால் அந்த நாற்காலி இல்லையென்றால் அவளுக்குப் படிப்பு இல்லை.

முதல் நாள் அவள் என்னிடம் மலையாளத்தில்தான் பேசினாள். நான் தமிழில் பதில் சொன்னதும் பயந்துபோனாள். கொஞ்ச நாள் கழித்து அவளாகவே வந்து சொன்னாள்.

"அக்கா, பரீட்ச முடியற வரைக்கும் நான் இங்க வாறது யாருக்கும் தெரியக்கூடாது. வேல கெடச்சிட்டா நானே போயி எங்கம்மா முன்னால நிப்பேன். இப்ப அவ வந்து அழுதான்னா என்னால முடியாதுன்னு சொல்ல வராது. போயிருவேன்."

"நம்மகிட்ட இருந்து ஒரு வார்த்தை போகாது" என்றேன். நம்மகிட்ட என்று ஏன் சொன்னேனோ. எங்கிட்ட என்று சொல்லியிருக்கலாம்.

5

போன வாரம் ஒருநாள், பழைய பேப்பர் அடுக்கும் பின்னறையில் இருந்தேன். கோமதி பரீட்சைச் சீட்டு எடுக்க வேண்டும் என்று அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பியிருந்தாள். பின்னறையிலிருந்து திரும்பி வந்தபோது ஷீபா நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் பல்.

"எடீ, வந்நூ! நம்ம டெஸ்ட் வந்நூ!"

"யாரு?"

"ஒரு தமிழத்தி. நல்ல புடவை, புது பேக். பாத்தப்பவே மனசிலாயி. இவிடெ தமிழர் உண்டல்லோ, அதான் தமிழ் ஆளெ அயச்சிருக்கு. நல்லா நடிக்கிறா கேட்டோ, கண்ணில வெள்ளம் வரெ வந்நு."

என்ன கேட்டாள் என்றேன்.

"ஒரு பெண்குட்டியெத் தேடி லைப்ரரி லைப்ரரியா கேறி இறங்கி வந்ததாம். மகளாம். போட்டோ காட்டினா. நம்ம கோமதியுடெ போட்டோ! அது எங்கேந்நு கிட்டி? எல்லாம் பிளான். ஞான் 'இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லல. உட்கார வச்சு, வெள்ளம் கொடுத்து, மத்தியானம் கழிஞ்சு வரும், அந்த ஜன்னலோரம் இருக்கும், நாளெ வந்தாப் பாக்கலாம்னு சொன்னேன். ஃபுல் சர்வீஸ்."

"ஷீபா, அது டெஸ்ட் இல்ல. அது அவ அம்மா."

ஷீபா சிரிப்பை உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அது முகத்தில் அனாதையாக நின்றது. பிறகு சொன்னாள்: "அம்மையல்லே? அம்மையோடு பறஞ்ஞால் எந்தா? கள்ளனோடல்லல்லோ பறஞ்ஞது."

"பெத்தவ கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு மேடம் சொன்னாங்க."

"எப்போ?"

"நீ பிரியாணி வாங்கப் போனப்ப."

அவளுக்குச் சுருக்கென்றது. "ஓ, நீ வலிய டீச்சர்! தற்காலிகத்துக்கு இத்ரெயும் வாயோ? இது நிங்ஙள் தமிழருடெ காரியம். நிங்ஙள் தமிழர்தான் தீர்த்துக்கணும்." நாற்காலியை எனக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒன்று சொல்கிறேன். ஷீபாவுக்கு நெஞ்சில் விஷமில்லை. அவள் அன்றைக்குத் தண்ணீர் கொடுத்தது, உட்கார வைத்தது, காது கொடுத்துக் கேட்டது எல்லாம் ஒரு தமிழ்ப் பூக்காரிக்கு இந்த ஊரில் எந்த ஆபீசிலும் கிடைக்காத மரியாதை. அந்த மரியாதை ஆள் தெரியாமல் கொடுத்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பூக்காரி என்று தெரிந்திருந்தால் 'மோகனன் சாரெக் காணூ' என்று கைகாட்டியிருப்பாள், சார் சாப்பிடப் போயிருப்பார், கோமதி தப்பித்திருப்பாள். ஷீபாவின் பழைய சிடுசிடுப்பே அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கும். இதை எந்தப் பயிற்சியில் போய்ச் சொல்ல?

6

வாசகர் நம்பரைச் சொந்தக் காரியத்துக்கு எடுக்கக்கூடாது என்பதும் பாடத்தில் உண்டு. எடுத்தேன். கோமதிக்குப் போன் செய்து, உங்கம்மா வந்து போயிருக்கா, நாளைக்கு வராதே என்றேன்.

"அக்கா, யாரு சொன்னது?" என்றாள்.

"நாங்கதான் சொன்னோம்" என்றேன். வேறு எப்படிச் சொல்ல?

மறுநாள் செண்பகம் வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலுக்கு எதிரே, தமிழ்நாட்டு நம்பர் போட்ட ஒரு கார் நின்றது. அதற்குள் அவள் அண்ணனும் அண்ணன் மகனும். இரண்டு பேரும் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு எங்கள் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மறுநாளும் அப்படித்தான். ஆவணிக்கு இன்னும் அதிக நாள் இல்லை. பரீட்சைக்கும் இல்லை.

கோமதியின் ஹாஸ்டல் தோழி ஒருத்தி வந்து ரேங்க் ஃபைலை இரண்டு நாளுக்குத் தர முடியுமா என்று கேட்டாள். மோகனன் சாரிடம் போய் நின்றேன்.

"குறிப்புதவிப் புத்தகம் வெளியே போகாது. உனக்கு அறியாத்ததா?"

"அப்ப வெளிய காரு போட்டுக்கிட்டு நிக்கிறாங்களே சார், அவங்களையாவது போகச் சொல்லுங்க."

"ரோடு நம்முடையதல்ல."

"உள்ள வந்தா?"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உள்ள வந்தா வாசகர். ஆரையும் எழுப்பி விட நமக்கு அதிகாரமில்ல. போர்டு எழுதியது நீயல்லே?"

நேற்று மத்தியானம் செண்பகம் படியேறி வந்தாள். பக்கத்தில் பார்த்தேன். கோமதியின் அதே நெற்றி, அதே இடத்தில் புருவம் சேர்கிறது. வந்ததும் சண்டை போடவில்லை. கவுண்டரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தாழ்ந்துதான் பேசினாள்.

"தாயி, அவ மூஞ்சியப் பாத்து மாசக் கணக்காச்சி. சாப்பிட்டாளா, மேலுக்கு முடியுதான்னு ஒண்ணும் தெரியல. ஒரு வார்த்த சொல்லு. எங்க தங்கியிருக்கா?"

"அம்மா, இங்க வர்றவங்களப் பத்தி நாங்க யாருக்கும் சொல்றதில்ல."

"நான் யாரோவா?"

"ஆமாம்மா. இந்த மேசைக்கு எல்லாரும் யாரோதான்."

பாடத்தில் இந்த வாக்கியம் இல்லை, என் வாயில் வந்தது. கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் கார் தெரிந்தது, ஈரப் புத்தகம் தெரிந்தது, எங்கள் ஊர் நூலகத்தில் இருந்த அந்த நல்ல மனுஷனும் தெரிந்தார்.

"அவ கல்யாணம் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போறா. நான் என்ன கையக் கால கட்டியா தூக்கிட்டுப் போகப் போறேன்?"

"அப்ப கார்ல இருக்கவங்க எதுக்கு?"

அவள் முகம் அந்த இடத்தில்தான் மாறியது. கையைக் கவுண்டரிலிருந்து எடுத்தாள். "ஏட்டி, எங்க வீட்டுக் காரியத்துல நீ யாரு?" என்று ஆரம்பித்தாள். அடுக்கினாள் பாருங்கள். சோறு போட்ட மண்ணை மறந்தவள் என்றாள், மலையாளத்தானுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்றாள். என் வீட்டுக்காரர் பாவம், அவருக்கு இது தேவையா? என் மகளைப் பற்றிக் கேட்டாள். அவளும் ஒருநாள் இப்படி ஓடினால் அப்போது தெரியும் என்றாள். பதிலுக்குச் சொல்ல என்னிடம் இருந்ததெல்லாம் கோமதி இருக்கும் தெருவின் பெயர்தான். அதைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். ஷீபா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாகத்தான், நான் உங்களுக்கு ஆரம்பத்திலேயே சொன்ன அந்தப் பேச்சைப் பேசினாள். யாரும் வரலாம், உட்காரலாம் என்று எழுத்துக் கூட்டாமல், ஒரே மூச்சில், தப்பில்லாமல் சொன்னாள். போர்டு வைத்த நாளிலிருந்து அந்தத் தமிழ் வரியை வாசித்தேன் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

சொல்லிவிட்டு என்னைத் தாண்டி வாசிப்பறைக்குள் நடந்தாள். யாரிடமும் கேட்காமல் நேராக ஜன்னலோரத்துக்குப் போனாள். அந்த நாற்காலியைத் தூக்கி, தரையில் உரசும் சத்தம் வராமல், வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். புதுப் பையைத் திறந்து ஈரத்துணி மூட்டையை எடுத்து மடியில் விரித்தாள். உள்ளே மல்லிகை. வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு பூவைக் கட்ட ஆரம்பித்தாள். பூவையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு கட்டினாள்.